ஸ்டெஃபி கிராஃப்: ஃபோர்ஹேண்டைத் தாங்கிய கால்கள்

ஜெர்மனியின் ஸ்டெஃபி கிராஃப் பற்றி வாசகர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். டென்னிஸ் கற்கும் பிள்ளைகளின் பெற்றோரும் நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். அதனால் ஆட்ட நுணுக்கத்துக்கே அதிக இடம் ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: ‘கோல்டன் ஸ்லாம்’ என்கிறார்களே, அது ஒரு பட்டமா, பல பட்டங்களா? ஸ்டெஃபிக்குப் பிறகு வேறு யாருமே அதைச் செய்யவில்லையா? (மதுரை வாசகர்)

பதில்: ஐந்து பட்டங்கள். ஆஸ்திரேலிய ஓபன், ஃபிரெஞ்ச் ஓபன், விம்பிள்டன், யு.எஸ். ஓபன் ஆகிய நான்கு கிராண்ட் ஸ்லாம்களையும் ஒலிம்பிக் ஒற்றையர் தங்கத்தையும் ஒரே காலண்டர் ஆண்டில் வெல்ல வேண்டும். ஒற்றையர் ஆட்டத்தில் 1988-ல் ஸ்டெஃபி செய்ததை இன்றுவரை வேறு யாரும் செய்யவில்லை. வீல்சேர் டென்னிஸில் மட்டும் 2021-ல் நெதர்லாந்தின் டிடே டி க்ரூட்டும் ஆஸ்திரேலியாவின் டிலன் ஆல்காட்டும் செய்து காட்டினார்கள்.

அந்த 1988-ஐக் கொஞ்சம் விரித்துச் சொல்ல வேண்டும். ஜனவரியில் மெல்போர்ன் இறுதியில் கிறிஸ் எவர்ட்டை 6-1, 7-6 என வென்றார். ஆஸ்திரேலிய ஓபன் புல்தரையை விட்டு ஹார்ட் கோர்ட்டுக்கு மாறிய முதல் ஆண்டு அது. நடுவில் மழை வர, கூரையை மூடிவிட்டு ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள். ஜூனில் பாரிஸ் இறுதியில் நடாஷா ஸ்வெரேவாவை 6-0, 6-0 என 34 நிமிடத்தில் முடித்தார். ஸ்வெரேவாவுக்கு மொத்தமே 13 பாயிண்ட். அவரைச் சாதாரண ஆள் என்று எண்ணிவிடக் கூடாது. அதே போட்டியில் மார்ட்டினா நவரத்திலோவாவைத் தோற்கடித்துவிட்டு வந்தவர். ஜூலையில் விம்பிள்டன் இறுதி. தொடர்ந்து ஆறு ஆண்டுகள் பட்டம் வென்ற நவரத்திலோவா எதிரே நின்றார். முதல் செட் 5-7 போய்விட்டது, இரண்டாவதிலும் 0-2. அதற்குப் பிறகு ஆடிய 13 கேமில் 12-ஐ ஸ்டெஃபி எடுத்தார்: 5-7, 6-2, 6-1. செப்டம்பரில் நியூயார்க்கில் காப்ரியேலா சபாட்டினியை 6-3, 3-6, 6-1 என வென்று நான்காவதையும் முடித்தார். அக்டோபர் 1-ம் தேதி சோல் நகரில் மறுபடியும் அதே சபாட்டினி: 6-3, 6-3.

நான்கு கிராண்ட் ஸ்லாம்களிலும் சேர்த்து அந்த ஆண்டு அவர் இழந்தவை இரண்டே இரண்டு செட்கள். இரண்டுமே இறுதி ஆட்டங்களில் போனவை.

வேறு யாருக்கும் ஏன் வாய்க்கவில்லை? முதலில், நான்கு ஆண்டுக்கு ஒருமுறைதான் அந்தக் கதவே திறக்கிறது. 1924-க்குப் பிறகு 1988 வரை டென்னிஸ் ஒலிம்பிக்கில் பதக்க விளையாட்டாக இல்லை. அதனால் நான்கையும் ஒரே ஆண்டில் வென்ற மௌரீன் கானலிக்கும் (1953) மார்கரெட் கோர்ட்டுக்கும் (1970) ஐந்தாவதற்கு வழியே இருக்கவில்லை. அவர்கள் காலத்தில் நான்கில் மூன்று புல்தரையில் நடந்தன. ஸ்டெஃபியோ ஹார்ட் கோர்ட், களிமண், புல் என மூன்று தரைகளில் வென்றார். 2021-ல் நோவாக் ஜோகோவிச் முதல் மூன்றையும் வென்று அருகே வந்தார். டோக்கியோ அரையிறுதியில் அவரை நிறுத்தியவர் இன்னொரு ஜெர்மானியர், அலெக்சாண்டர் ஸ்வெரேவ். பிறகு யு.எஸ். ஓபன் இறுதியிலும் ஜோகோவிச் தோற்றார்.

கேள்வி: என் மகளுக்கு 12 வயது. அவளுடைய கோச், ‘ஸ்டெஃபி மாதிரி ஃபோர்ஹேண்ட் அடிக்காதே’ என்கிறார். அவ்வளவு பெரிய ஆட்டக்காரரின் அடியை ஏன் கற்கக் கூடாது? (கோயம்புத்தூர் வாசகி)

பதில்: கோச் சொல்வது சரிதான் அம்மா. ஆனால் ‘அடிக்காதே’ என்பதோடு நிறுத்திவிடாமல் காரணத்தையும் சொல்லித் தந்தால் மகளுக்கு இன்னும் பயன்படும்.

ராக்கெட் பிடித்த கையின் பக்கம் வரும் பந்தை அடிப்பது ஃபோர்ஹேண்ட்; மறுபக்கம் வருவதை அடிப்பது பேக்ஹேண்ட். பாடம் எப்படி? பந்தை முன்காலுக்கு முன்னால், உடம்பிலிருந்து நன்றாகத் தள்ளி அடிக்க வேண்டும். ஸ்டெஃபி அப்படி அடிக்கவில்லை. ராக்கெட்டை உயரத் தூக்கி வைத்துக்கொண்டு காத்திருப்பார். பந்து அவர் இடுப்பருகே வந்துவிடும், ‘இனி நேரமில்லை’ என்று பார்ப்பவருக்குத் தோன்றும். அப்போதுதான் கை சாட்டை மாதிரி வரும். அடிக்கும் நொடியில் பெரும்பாலும் இரண்டு காலும் தரையில் இருக்காது. பந்து அதிகம் சுழலாமல் கிட்டத்தட்ட தட்டையாக, வலையை ஒட்டிப் பறக்கும்.

இதில் கிடைக்கும் லாபம் என்னவென்றால், கடைசி நொடிவரை பந்து எந்தப் பக்கம் போகும் என்று எதிராளியால் ஊகிக்க முடியாது. ஒரே தோரணையில் குறுக்கேயும் அடிப்பார், நேராகவும் அடிப்பார்.

சிக்கலும் அங்கேதான். பந்தை அவ்வளவு தாமதமாக அடிப்பவர் நிற்கும் இடத்தில் அரை எட்டு கூடப் பிசகக் கூடாது. பிசகினால் முழங்கை விலாவோடு ஒட்டிக்கொள்ளும், பந்து ராக்கெட்டின் விளிம்பில் படும். முன்னால் அடிப்பவருக்கு இந்தப் பிசகைக் கையை நீட்டிச் சரிசெய்ய வாய்ப்பு உண்டு. தாமதமாக அடிப்பவருக்கு அது கிடையாது. ஸ்டெஃபிக்கு இது கைகூடியதற்குக் காரணம் அவருடைய கால்கள். மகளிர் டென்னிஸில் அவர் காலத்தில் அவரைவிட வேகமாகப் பந்தை எட்டியவர் இல்லை என்றே சொல்லலாம். அந்தக் கால்கள் இல்லாமல் கையை மட்டும் நகலெடுக்கும் பிள்ளைக்கு மணிக்கட்டும் தோளும் வலிப்பதுதான் மிஞ்சும்.

ஆகவே மகள் கையை விட்டுவிட்டுக் காலைக் கற்கட்டும். வீடியோவில் ஸ்டெஃபியின் ஆட்டத்தைப் போட்டு, திரையின் மேல்பாதியை ஒரு அட்டையால் மறைத்துவிடுங்கள். பந்தும் ராக்கெட்டும் தெரியாமல் கால்கள் மட்டும் தெரியட்டும். எதிராளி பந்தைத் தொடும் நேரத்தில் ஒரு சின்னக் குதி. இரண்டு பாதமும் தோளகலத்துக்கு விரிந்து இறங்கும். அடுத்து இரண்டு மூன்று நீண்ட எட்டு. பந்தை நெருங்கியதும் எட்டு சுருங்கிச் சுருங்கி, நான்கைந்து குட்டி எட்டுகளாகிவிடும். இடத்தைத் துல்லியமாக்குவது அந்தக் குட்டி எட்டுகள்தான். நம் பிள்ளைகள் பெரும்பாலும் தவறவிடுவதும் அதைத்தான். பந்து வந்துவிட்டது என்று நின்றுவிடுகிறார்கள்.

பயிற்சி இப்படி வைத்துக்கொள்ளலாம். மகள் பேஸ்லைனின் (கோர்ட்டின் கடைசிக் கோட்டின்) நடுவில் நிற்கட்டும். கோச் கையால் பந்தை அவளுடைய பேக்ஹேண்ட் மூலைக்குப் போடட்டும். அவள் சுற்றிப் போய் ஃபோர்ஹேண்டால் அதை எதிர்முனையின் பேக்ஹேண்ட் மூலைக்குக் குறுக்கே அடிக்க வேண்டும். ஸ்டெஃபியின் உயிர்நாடியான அடி இதுதான். பத்துப் பந்து, ஒரு நிமிட ஓய்வு, மறுபடி பத்து. வாரம் மூன்று நாள் போதும். வலது கையாட்டக்காரியாக இருந்தால் முதல் எட்டு வலது காலைப் பின்பக்கமாகச் சாய்த்து வைப்பதாக இருக்க வேண்டும். பக்கவாட்டில் மட்டும் நகர்ந்தால் பந்து உடம்பின் மேலேயே வந்து விழும்.

அடித்த பிறகு எங்கே திரும்புவது என்பதையும் சேர்த்தே பழக்குங்கள். குறுக்கே அடித்திருந்தால் பேஸ்லைனின் நடுக்குறிக்கு ஒரு எட்டு இடப்பக்கம் நின்றால் போதும். எதிராளியின் இரண்டு பதில் வழிகளுக்கும் நடுவில் இருப்பாள். அதே மூலையிலிருந்து நேராக அடித்துவிட்டால் நடுக்குறியைத் தாண்டி வலப்பக்கம் ஓட வேண்டும். பாதிக் கோர்ட்டுக்கு மேல் ஓட்டம் அது. ஸ்டெஃபி இரண்டையும் அடித்தார், ஏனென்றால் அவரால் ஓட முடிந்தது. பன்னிரண்டு வயதுக்குக் குறுக்கு அடியே போதும்.

கேள்வி: அவருடைய பேக்ஹேண்ட் பலவீனம் என்று சிலர் சொல்கிறார்கள். பலவீனத்தை வைத்துக்கொண்டா 22 கிராண்ட் ஸ்லாம்? (திருச்சி வாசகர்)

பதில்: பலவீனம் என்பது சரியான சொல் இல்லை. ஒரு கையால் பந்தைக் கீழ்நோக்கிச் சீவும் ஸ்லைஸ் அது. பந்தை முன்னோக்கிச் சுழலவிடும் டாப்ஸ்பின் பேக்ஹேண்டும் அவர் அடிப்பார். எதிராளி வலைக்கு வந்தால் அதைத்தான் எடுப்பார், நன்றாகவே அடிப்பார். ஆனால் பேஸ்லைன் ஆட்டத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு ஸ்லைஸ்தான்.

அந்த ஸ்லைஸ் மூன்று வேலை பார்த்தது. மெதுவாக மிதந்து போவதால் அவர் தன் இடத்துக்குத் திரும்ப நேரம் கிடைத்தது. தாழ்வாக எழும்பியதால் எதிராளி குனிந்து தூக்கித்தான் அடிக்க முடிந்தது. இரு கை பேக்ஹேண்ட் ஆடுபவர்களுக்கு இது பெரிய தொல்லை. அப்படித் தூக்கி அடித்த பந்து சற்று மெதுவாக வரும்போது அவர் ஃபோர்ஹேண்டுக்குச் சுற்றிப் போய்விடுவார். புல்தரையில் ஸ்லைஸ் இன்னும் வழுக்கிக்கொண்டு போகும். விம்பிள்டனில் ஏழு பட்டம் வந்ததில் இந்த அடிக்குப் பெரிய பங்கு உண்டு.

கற்க விரும்புவோருக்கு: பிடி, சுத்தியலைப் பிடிப்பது போல. தோளைத் திருப்பி, ராக்கெட்டின் தலையைக் காது உயரத்துக்குக் கொண்டுபோங்கள், மற்றக் கை ராக்கெட்டின் கழுத்தைத் தாங்கியிருக்கட்டும். முன்காலுக்குச் சற்று முன்னால் பந்தைத் தொடுங்கள். ராக்கெட் முகம் கொஞ்சமே கொஞ்சம் மேல்நோக்கித் திறந்திருக்க வேண்டும். வீச்சு கீழே போவதைவிட முன்னே போவதே அதிகம். அடிக்கும்போது மற்றக் கை பின்னால் போக வேண்டும், இல்லாவிட்டால் நெஞ்சு திரும்பிவிடும்.

கெடுவது எங்கே? கத்தியால் வெட்டுவது போல நேர்கீழாக இறக்கினால் பந்துக்கு நீளம் கிடைக்காது, வலையிலோ கோர்ட்டின் நடுவிலோ விழும். முகத்தை அதிகம் திறந்தால் பந்து பலூன் மாதிரி மிதந்து எதிராளிக்கு விருந்தாகும். மணிக்கட்டு தளர்ந்தால் இரண்டும் மாறி மாறி நடக்கும்.

இந்த அடிக்கு ஒரே எதிரி, தோளுக்கு மேல் எழும்பும் பந்து. களிமண் தரையில் கனமான டாப்ஸ்பின்னால் அவருடைய பேக்ஹேண்ட் பக்கம் உயர்த்திக்கொண்டே இருந்தால் ஸ்லைஸின் கடி குறைந்துவிடும். சபாட்டினியும் அரான்ட்சா சாஞ்சஸ் விக்காரியோவும் இதைத்தான் முயன்றார்கள். இன்னொரு வழி, முதலில் ஃபோர்ஹேண்ட் பக்கம் நன்றாக ஒதுக்கி ஓடவிட்டு, அடுத்த பந்தை காலியான பேக்ஹேண்ட் பக்கம் அடிப்பது. சொல்வது எளிது. ஓடிக்கொண்டே அவர் அடிக்கும் ஃபோர்ஹேண்டுக்கு உயிர் பிழைத்தவர்தான் இரண்டாவது பந்தை அடிக்க முடியும்.

கேள்வி: சர்வ் போடும்போது பந்தை வானத்துக்கே எறிவாரே, அது நல்லதா? (யாழ்ப்பாண வாசகர்)

பதில்: அவருக்குப் பழகிவிட்டது; மற்றவர்களுக்கு நல்லதல்ல. கணக்கைப் பாருங்கள். உச்சியிலிருந்து 20 செ.மீ. இறங்கிய பந்தின் வேகம் நொடிக்கு 2 மீட்டர் அளவு. 1 மீட்டர் இறங்கினால் நொடிக்கு 4.4 மீட்டர். அடிக்கும் புள்ளியை இரு மடங்குக்கு மேலான வேகத்தில் பந்து கடந்துபோகிறது, அதாவது கைக்குக் கிடைக்கும் நேரம் பாதியாகிறது. காற்று அடித்தால் பந்து பக்கவாட்டிலும் நகரும். காற்று வீசும் நாட்களில் அவர் எறிந்த பந்தை அடிக்காமல் பிடித்துக்கொண்டு மறுபடி எறிவதைப் பல ஆட்டங்களில் பார்க்கலாம். புதிதாகக் கற்பவர்கள், கையையும் ராக்கெட்டையும் முழுக்க உயர்த்தினால் எட்டும் இடத்துக்கு ஒரு சாண் மேலே பந்து போனால் போதும் என்று வைத்துக்கொள்ளலாம்.

கேள்வி: மோனிகா செலஸ் கத்தியால் குத்தப்படாமல் இருந்திருந்தால் ஸ்டெஃபிக்கு இத்தனை பட்டங்கள் கிடைத்திருக்குமா? நேர்மையாகப் பதில் சொல்லுங்கள். (சென்னை வாசகர்)

பதில்: கேள்வி நியாயமானது. முதலில் நடந்ததைச் சொல்லிவிடுகிறோம்.

1993 ஏப்ரல் 30, ஹாம்பர்க். மக்டலேனா மலீவாவுடன் காலிறுதி ஆடிக்கொண்டிருந்த செலஸ், இடைவேளையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது ஒருவன் பின்னாலிருந்து முதுகில் குத்தினான். ஸ்டெஃபியின் வெறிபிடித்த ரசிகன்; அவரை மறுபடி முதலிடத்தில் பார்க்க வேண்டும் என்பதுதான் நோக்கம். அவனுக்குக் கிடைத்தது நிறுத்திவைக்கப்பட்ட தண்டனை மட்டுமே. செலஸுக்கு அப்போது 19 வயது. எட்டு கிராண்ட் ஸ்லாம் வென்றிருந்தார், உலகின் முதலிடத்தில் இருந்தார். மூன்று மாதம் முன்புதான் ஆஸ்திரேலிய ஓபன் இறுதியில் ஸ்டெஃபியை 4-6, 6-3, 6-2 எனத் தோற்கடித்திருந்தார். அதற்குப் பிறகு இரண்டேகால் ஆண்டுக்கு மேல் அவர் ஆடவில்லை. 1995 ஆகஸ்டில் கனடாவில்தான் திரும்பி வந்தார்.

இனி எண்கள். ஹாம்பர்க் நாளன்று ஸ்டெஃபியிடம் இருந்தவை 11 கிராண்ட் ஸ்லாம்கள். பின்னால் வந்தவையும் 11. அந்தப் பின் பதினொன்றில் ஆறு, செலஸ் இல்லாத காலத்தில் வந்தவை: 1993-ல் ஃபிரெஞ்ச், விம்பிள்டன், யு.எஸ்.; 1994-ல் ஆஸ்திரேலியா; 1995-ல் ஃபிரெஞ்ச், விம்பிள்டன். மீதி ஐந்து செலஸ் திரும்பிய பிறகு வந்தவை. அவற்றில் 1995, 1996 யு.எஸ். ஓபன் இறுதிகளில் எதிரே நின்றவர் செலஸேதான். இருவரும் மோதிய 15 ஆட்டங்களில் ஸ்டெஃபி 10, செலஸ் 5. குத்துக்கு முந்தைய கணக்கை மட்டும் எடுத்தால் 6-4.

எனவே அந்த ஆறில் சிலவாவது, குறிப்பாகக் களிமண்ணிலும் ஹார்ட் கோர்ட்டிலும் வந்தவை, வேறு கைக்குப் போயிருக்கும் என்பதே எங்கள் கணிப்பு. செலஸ் இரண்டு பக்கமும் இரு கையால், பந்து எழும்பும்போதே அடிப்பார். ஸ்டெஃபி ஃபோர்ஹேண்டுக்குச் சுற்றிப்போகத் தேவைப்படும் அந்த அரை நொடியை அவர் கொடுக்கவே மாட்டார். ஸ்டெஃபியின் ஆட்டத்துக்கு அவரைவிடப் பொருத்தமான மருந்து யாரிடமும் இல்லை. 1990-ல் பெர்லின் இறுதியில் ஸ்டெஃபியின் 66 தொடர் வெற்றிகளை முடித்துவைத்தவரும் செலஸ்தான். புல்தரையில் கதை வேறு. 1992 விம்பிள்டன் இறுதியில் செலஸை ஸ்டெஃபி 6-2, 6-1 என மடக்கினார். தாழ்ந்து வழுக்கும் ஸ்லைஸுக்கு இரு கை ஆட்டம் ஈடுகொடுக்கவில்லை.

ஆனால் இதில் இழந்தவர் செலஸ். அந்தக் கத்தி பறித்தது ஒரு 19 வயதுப் பெண்ணின் சிறந்த ஆண்டுகளை. ஸ்டெஃபியின் பட்டங்களைக் கூட்டிக் கழிப்பதைவிட அந்த இழப்பை முதலில் நினைப்பதுதான் முறை. ஸ்டெஃபி செய்த குற்றம் அதில் எதுவும் இல்லை.

கேள்வி: 13 வயதிலேயே தொழில்முறை ஆட்டக்காரர் ஆனாராமே. என் மகனையும் அப்படிச் சின்ன வயதிலேயே இறக்கிவிடலாமா? (சேலம் வாசகர்)

பதில்: ஸ்டெஃபி 1969 ஜூன் 14-ல் மன்ஹைமில் பிறந்து, பக்கத்துச் சிற்றூர் ப்ரூலில் வளர்ந்தவர். கைப்பிடியைக் குட்டையாக்கிய மரராக்கெட்டை அப்பா பீட்டர் கிராஃப் கையில் கொடுத்து, வீட்டுக் கூடத்தில் நாற்காலிகளுக்கு நடுவே கயிறு கட்டி ஆடவிட்டபோது வயது நான்குகூட ஆகவில்லை. 1982 அக்டோபரில், 13 வயதில், ஸ்டுட்கார்ட் அருகே ஃபில்டர்ஸ்டாட்டில் முதல் தொழில்முறைப் போட்டி. எதிராளி டிரேசி ஆஸ்டின். 4-6, 0-6 என்று தோல்வி.

இதுவரை எல்லோரும் சொல்வார்கள். அடுத்து நடந்ததைத்தான் பெற்றோர் கவனிக்க வேண்டும். அவர் முதல் டபிள்யூ.டி.ஏ. (மகளிர் டென்னிஸ் சங்கம்) பட்டத்தை வென்றது 1986 ஏப்ரலில், ஹில்டன் ஹெட் போட்டியில், எவர்ட்டை இறுதியில் தோற்கடித்து. நடுவில் மூன்றரை ஆண்டு. அந்த ஆண்டுகளில் அப்பா அவரை அளந்து அளந்துதான் போட்டிகளில் இறக்கினார். அதே காலத்தில் வேறு இளம் நட்சத்திரங்கள் வாராவாரம் ஆடி, இருபது வயதை ஒட்டியே முதுகும் தோளும் ஒடிந்து ஒதுங்கினார்கள். டிரேசி ஆஸ்டினே அதற்கு உதாரணம்.

இன்று மகளிர் டென்னிஸில் 14 வயது நிறையாதவர் தொழில்முறைப் போட்டி ஆட முடியாது. 18 வரை ஆண்டுக்கு இத்தனை போட்டிதான் என்று உச்சவரம்பும் உண்டு. உங்கள் மகன் விஷயத்தில் போட்டி எண்ணிக்கையை விட்டுவிட்டு, வளரும் எலும்புக்கு ஓய்வு நாள் இருக்கிறதா என்று பாருங்கள். முழங்காலுக்குக் கீழேயோ குதிகாலிலோ இரண்டு வாரத்துக்கு மேல் வலி இருந்தால் ஆட்டத்தை நிறுத்தி மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: அப்பாவின் வரி வழக்கில் ஸ்டெஃபிக்கும் பங்கு உண்டா? (புதுச்சேரி வாசகர்)

பதில்: ஸ்டெஃபியின் வருமானத்தைக் கையாண்டவர் அப்பா பீட்டர் கிராஃப். வரி ஏய்ப்பு வழக்கில் 1995 ஆகஸ்டில் கைதானார். 1997 ஜனவரியில் மன்ஹைம் நீதிமன்றம் மூன்று ஆண்டு ஒன்பது மாதம் சிறைத்தண்டனை விதித்தது. ஸ்டெஃபி மீதான விசாரணை கைவிடப்பட்டது. அந்த 1995, 1996 இரண்டு ஆண்டுகளிலும் அவர் ஆடிய ஆறு கிராண்ட் ஸ்லாம்களில் ஆறையும் வென்றார் என்பதை மட்டும் சேர்த்துச் சொல்கிறோம்.

கேள்வி: 30 வயதில், மூன்றாம் இடத்தில் இருக்கும்போதே ஏன் ஓய்வு பெற்றார்? (ஈரோடு வாசகி)

பதில்: உடம்புதான் காரணம். அந்தக் கால்களை நம்பிய ஆட்டத்துக்கு உடம்பு கொடுத்த விலை அது. தீராத முதுகுவலி, பாத அறுவை, 1997 ஜூனில் வியன்னாவில் இடது முழங்காலில் பெரிய அறுவை. அதற்குப் பிறகு பல மாதம் ஆட்டமே இல்லை. குறுக்கே ஓடி, ஒரே காலில் நின்று திரும்பி, மறுபடி குதித்து அடிக்கும் ஆட்டத்தில் முழங்காலுக்குக் கீழுள்ள தசைநாணுக்குத்தான் முழுச் சுமையும். சர்வ் போட்டு வலைக்கு ஓடுபவருக்கு ஒரு பாயிண்ட் நாலு ஷாட்டில் முடியும். ஸ்டெஃபிக்கு முடியாது.

அப்படிப்பட்ட நிலையில்தான் 1999 ஃபிரெஞ்ச் ஓபன். உலகின் முதல் மூன்று இடங்களில் இருந்த டாவன்போர்ட், செலஸ், ஹிங்கிஸ் மூவரையும் வரிசையாக வென்றார். இறுதியில் 18 வயது மார்ட்டினா ஹிங்கிஸ் 6-4, 2-0 என்று முன்னிலையில் இருந்தபோது ஒரு பந்து வெளியே என்று அறிவிக்கப்பட்டது. ஹிங்கிஸ் வலையைச் சுற்றி மறுபக்கம் போய், களிமண்ணில் பதிந்த தடத்தைக் காட்டி வாதாடினார். எதிராளியின் பக்கம் போவது விதிமீறல், ஒரு பாயிண்ட் அபராதம். அரங்கம் அவருக்கு எதிராகத் திரும்பியது. அப்போதும் 5-4-ல் பட்டத்துக்காக சர்வ் போட்டது ஹிங்கிஸ்தான். பட்டத்துக்கு மூன்றே பாயிண்ட் தூரம். அங்கிருந்து ஸ்டெஃபி 4-6, 7-5, 6-2 என வென்றார். முப்பது வயது நிறைய ஒன்பது நாள் பாக்கி. அடுத்த மாதம் விம்பிள்டன் இறுதியில் டாவன்போர்ட்டிடம் தோற்றார். ஆகஸ்ட் 13-ம் தேதி ஓய்வை அறிவித்தார்.

கேள்வி: மொத்தக் கணக்கை ஒரே இடத்தில் தர முடியுமா? வினாடி வினாவுக்காக. (கல்லூரி மாணவி, நாகர்கோவில்)

பதில்: ஒற்றையர் கிராண்ட் ஸ்லாம் 22: ஆஸ்திரேலியா 4, ஃபிரெஞ்ச் 6, விம்பிள்டன் 7, யு.எஸ். 5. நான்கிலும் குறைந்தது நான்கு முறை வென்றவர் அவர் ஒருவரே. ஒற்றையர் பட்டங்கள் 107. வெற்றி 900, தோல்வி 115. முதலிடத்தில் இருந்தது 377 வாரம்; அதில் 1987 ஆகஸ்ட் 17 முதல் தொடர்ந்து 186 வாரம். இரட்டையரில் ஒரே கிராண்ட் ஸ்லாம், 1988 விம்பிள்டன். கூட்டாளி யார் தெரியுமா? அந்த ஆண்டு யு.எஸ். ஓபனிலும் ஒலிம்பிக்கிலும் எதிரே நின்ற அதே சபாட்டினி.

கேள்வி: அவருடைய ஆட்டத்தைப் புரிந்துகொள்ள எந்த மேட்ச்களைப் பார்க்கலாம்? (கொழும்பு வாசகர்)

பதில்: மூன்று போதும். 1988 விம்பிள்டன் இறுதியின் இரண்டாம் செட்டில், நவரத்திலோவா சர்வ் போட்டுவிட்டு வலைக்கு ஓடி வர, ஸ்டெஃபி ரிட்டர்னை எங்கே வைக்கிறார் என்று பாருங்கள். வலைக்கு வருபவரின் காலடியில் பந்து இறங்கும்.

1993 விம்பிள்டன் இறுதி, யானா நவோட்னாவுக்கு எதிராக. மூன்றாம் செட்டில் நவோட்னா 4-1, 40-30 என்ற நிலையில் இரட்டைப் பிழை செய்கிறார், அதாவது இரண்டு சர்வையும் தவறவிடுகிறார். அதற்குப் பிறகு ஒரு கேம்கூட அவருக்குக் கிடைக்கவில்லை. ஸ்டெஃபியின் வேகம் முன்னும் பின்னும் மாறவே இல்லை என்பதைக் கவனியுங்கள். பாயிண்ட் முடிந்ததும் நேரே அடுத்த சர்வுக்குப் போய் நிற்கிறார். யோசித்து யோசித்துப் பதறும் எதிராளிக்கு அந்த அவசரமே சுமை.

மூன்றாவது 1995 விம்பிள்டன் இறுதி. மூன்றாம் செட், 5-5, சாஞ்சஸ் விக்காரியோவின் சர்வ். அந்த ஒரு கேம் 20 நிமிடம் ஓடியது. 13 டியூஸ் (40-40 என்ற சமநிலை), 32 பாயிண்ட். ஸ்டெஃபி அதைப் பறித்தார், 7-5 என்று பட்டமும் அவருக்கே போனது. அந்த இருபது நிமிடத்தை மட்டும் போட்டு, மேலே சொன்ன அட்டையை எடுத்து மேல்பாதியை மறைத்துக்கொள்ளுங்கள். கடைசி டியூஸிலும் அந்தக் குட்டி எட்டுகள் குறைகின்றனவா என்று எண்ணிப் பாருங்கள்.